ஜெர்மனியில் ஒரு வீட்டாரோடு கிறிஸ்துமஸ் விடுமுறை: பாலக்காட்டு எல்லையிலிருந்து போகும் மாணவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து கோவைக் கல்லூரிகளுக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளில் சிலர் எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு ஜெர்மனி போகிறார்கள். அட்மிஷன், விசா, விடுதி வரைக்கும் கல்லூரியே கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். டிசம்பர் கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பல்கலைக்கழகம் மூடிவிடும், கேன்டீன் மூடிவிடும், விடுதியில் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களை உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு கழிப்பதற்கு நல்ல ஏற்பாடுகள் அங்கே இருக்கின்றன. ஆனால் எப்போது, யாரிடம், எந்தக் காகிதத்தோடு கேட்பது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தவர்கள் இல்லை. ஆளாளுக்குக் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா ஏற்பாட்டையும் நவம்பர் பாதிக்குள் முடித்துவிடுங்கள். சாப்பாடு, தங்கும் நாள், பணம் எதுவானாலும் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சொல்லிவிடுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டைத் தள்ளிப்போட்டால் வருபவை.

1. காலண்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை நடக்கும். நடுவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ஏறக்குறைய இரண்டு வாரம் விடுமுறை. டிசம்பர் 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 24 சட்டப்படி விடுமுறை இல்லை, ஆனால் கடைகள் மதியம் 2 மணி வாக்கில் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதுமே கடை கிடையாது. 2026-இல் 25 வெள்ளிக்கிழமை வருகிறது, அதாவது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தொடர்ந்து அடைப்பு. ஜனவரி 1 எங்கும் விடுமுறை. பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலங்களில் ஜனவரி 6-உம் விடுமுறை.

ஹோஸ்ட் குடும்பம், அதாவது உங்களை விருந்தாளியாக வைத்துக்கொள்ளும் வீட்டார், கூப்பிடுவது இரண்டு வாரத்துக்கும் அல்ல. மூன்று நாள், நான்கு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். மீதி நாட்கள் உங்கள் விடுதி அறையில்தான். ஆகவே அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் 23-ஆம் தேதிக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஊரிலேயே முடிக்க வேண்டியவை

வீடு கேரளத்தில், கல்லூரி தமிழ்நாட்டில். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் குழப்பம் இங்கேதான் வரும். ஜெர்மன் விசாவுக்குக் கேரளமும் கர்நாடகமும் பெங்களூரு துணைத் தூதரகத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாடும் ஆந்திரமும் சென்னைத் துணைத் தூதரகத்தின் கீழ். ஆந்திரத்தின் சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சென்னை என்று நிம்மதியாக இருக்கலாம். பாலக்காட்டுக்காரர்கள்தான் கோவையும் சென்னையும் பக்கம் என்று நினைத்து அங்கே நேரம் வாங்கி, பிறகு திரும்ப வேண்டியிருக்கும். நீங்கள் வசிக்கும் இடம்தான் கணக்கு. கேரள முகவரி என்றால் கொச்சியில் தூதரகத்துக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் மையத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். கோவை விடுதியில்தான் தங்கியிருக்கிறேன் என்றால் அதற்குக் கல்லூரியின் கடிதம் வேண்டும். நேரம் வாங்கும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். வேறொரு சான்றிதழில் வீட்டுப் பெயரும் சேர்ந்திருக்கும். பல்கலைக்கழகக் கடிதம், வங்கிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், ரயில் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு ஒரு எழுத்தை மாற்றுவதற்குக்கூட வாரக்கணக்கில் ஆகும்.

நீண்ட கால விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ. உதவித்தொகை இல்லாதவர்கள் மாதத்துக்கு 992 யூரோ வீதம் முடக்கக் கணக்கில் (மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு, blocked account) பணம் காட்ட வேண்டும், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ. இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள், விண்ணப்பிக்கும் நாளில் என்ன கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் மாதத்துக்கு ஒரு முறைதான் உங்கள் கைக்கு வரும். டிசம்பரில் ரயில் டிக்கெட், பரிசு, குளிர் உடுப்பு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் என்பதால் அக்டோபரிலிருந்தே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

3. பெட்டியில் எது போகலாம், எது போகக் கூடாது

ஹோஸ்ட் குடும்பத்துக்குக் கொடுக்க ஊரிலிருந்து எதையாவது கொண்டுபோக வேண்டும் என்று அம்மா நிச்சயம் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பால்கோவா, பேடா, பனீர், ஒரு டப்பா நெய் எதுவும் கூடாது. நெய் சொட்டும் மைசூர்பாகை இனிப்புப் பண்டம் என்று சொல்லி வாதாடலாம், ஆனால் இறங்கின அலுப்போடு சுங்க அதிகாரியிடம் அந்த வாதம் எதற்கு? விட்டுவிடுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், எலுமிச்சை இவையும் தாவர நோய் இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் போகக் கூடாது. பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கறிவேப்பிலைப் பொடியாகக் கொண்டுபோங்கள். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் போடவே போடாதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

கொண்டுபோகத் தோதானவை நம் ஊரிலேயே நிறைய இருக்கின்றன. நேந்திரங்காய்ச் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, கருப்பட்டி, கடலை மிட்டாய். எங்கள் கிழக்குப் பக்கத்துக் கருப்பட்டியையும் கடலையையும் போல வாசம் உள்ளது வேறெங்கும் கிடைக்காது என்பது என் நம்பிக்கை. ஆனால் கடலை மிட்டாய் கொடுக்கும் முன் அந்த வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே குழந்தைகளுக்கு இது உயிர் விஷயம். சாப்பாட்டுப் பொருள் வேண்டாம் என்றால் குத்தாம்புள்ளி கைத்தறித் துண்டோ சென்னிமலைப் போர்வையோ எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் குறைவு, உடையாது. விமானத்தில் வருபவர் கொண்டுவரும் பொருட்களுக்கு 430 யூரோ மதிப்பு வரை சுங்க வரி இல்லை.

குளிர் உடுப்பை ஊரில் மொத்தமாக வாங்க வேண்டாம். உள்ளே போடும் தெர்மல் மட்டும் திருப்பூர்ப் பக்கம் மலிவாக வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டும் வழுக்காத ஷூவும் அங்கே பழைய துணிக் கடையிலேயே நன்றாகக் கிடைக்கும். டிசம்பரில் காலை 8 மணிக்கு விடிந்து மாலை 4 மணி வாக்கில் இருட்டிவிடும், வெளியே நடப்பதெல்லாம் அந்த நேரத்துக்குள்தான்.

4. குடும்பத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆஃபீஸ். பல ஊர்களில் வெளிநாட்டு மாணவர்களை விடுமுறைக்கு உள்ளூர்க் குடும்பங்களோடு சேர்த்துவிடும் திட்டம் இவர்கள் மூலமாகத்தான் நடக்கிறது. அடுத்தது தேவாலயங்களோடு சேர்ந்த மாணவர் மன்றங்கள். கத்தோலிக்க மன்றமும் இருக்கும், புராட்டஸ்டன்ட் மன்றமும் இருக்கும். இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் தயங்காமல் போகலாம், மதம் பார்த்து நடத்துவதில்லை. மூன்றாவது, உங்களுக்குத் துணையாகப் போட்டிருக்கும் உள்ளூர் மாணவர். "கிறிஸ்துமஸுக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று அவர் கேட்டால், "ஒன்றும் முடிவு செய்யவில்லை, ஒரு குடும்பத்தோடு இருக்க முடிந்தால் சந்தோஷம்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் "பரவாயில்லை, ரூமிலேயே இருந்துகொள்கிறேன்" என்று மரியாதைக்குச் சொன்னால், அங்கே அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுபடி வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள்.

பதிவு பெரும்பாலும் நவம்பரிலேயே முடிந்துவிடும். அக்டோபர் கடைசியில் ஒரு மின்னஞ்சல் போட்டு, திட்டம் உண்டா, கடைசித் தேதி எது என்று கேட்டு வையுங்கள். படிவத்தில் உணவு, அலர்ஜி, சிகரெட் புகை, நாய் பூனை, பேசத் தெரிந்த மொழி எல்லாம் கேட்பார்கள். நாய்க்குப் பயம் என்றால் பயம் என்றே எழுதுங்கள். அங்கே நாய் வாசலில் கட்டிக் கிடக்காது, சோபாவில் உங்கள் பக்கத்தில் படுத்திருக்கும்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரித் திட்டங்களில் குடும்பம் உங்களிடம் தங்குவதற்கோ சாப்பாட்டுக்கோ வாங்காது. சில இடங்களில் சிறிய பதிவுக் கட்டணம் இருக்கலாம். "நல்ல குடும்பமாகப் பிடித்துத் தருகிறேன், முன்பணம் அனுப்பு" என்று கேட்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். என்னிடம் ஒருவர் கேட்ட தொகை ஒரு மாதச் செலவையே தாண்டியது. பல்கலைக்கழகத்துக்கோ மன்றத்துக்கோ தெரியாத யாருக்கும் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள், பாஸ்போர்ட் நகலும் கொடுக்காதீர்கள்.

5. முதல் கடிதத்திலேயே எல்லாம் சொல்லிவிடுங்கள்

குடும்பத்தின் பெயரும் முகவரியும் வந்ததும் இரண்டு நாளுக்குள் எழுதுங்கள். உங்களைப் பற்றி நாலு வரி, ஒரு படம், அப்புறம் நேராக விஷயத்துக்கு வாருங்கள். எந்த நாள், எந்த நேரம் வரலாம்? எந்த நாள் கிளம்ப வேண்டும்? தனி அறையா, பிள்ளைகளோடு பகிர வேண்டுமா? துண்டு, படுக்கை விரிப்பு கொண்டுவர வேண்டுமா? ஸ்டேஷனில் யாராவது வருவார்களா? கிளம்பும் நாளைக் கேட்பது நமக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். அவர்களுக்கோ அது திட்டம் போட வசதி.

சாப்பாட்டை விளக்கமாக எழுதுங்கள். "நான் சைவம்" என்று மட்டும் எழுதினால் சிலர் மீன் சமைத்து வைப்பார்கள். "இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன், பால், தயிர், சீஸ் சாப்பிடுவேன்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஜெலட்டின் வேண்டாம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலர் கலரான ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும், கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு முழுக்க அது கிண்ணத்தில் இருக்கும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி விஷயமும் அப்படியே. ஒயின் குடிக்காதவர்கள் அதையும் சொல்லலாம். கிறிஸ்துமஸ் சந்தையில் சூடாக விற்கும் மசாலா ஒயினுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கென்று சாராயம் இல்லாத பழச்சாறு வகை ஒன்று அதே கடையில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஊரில் அப்பா அம்மாவுக்கு "யார் வீடோ, என்னவோ" என்று மனசு அடித்துக்கொள்ளும். கிளம்பும் முன் ஒரு வீடியோ காலில் இரண்டு பக்கத்தையும் பேச வையுங்கள். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அங்கே மாலை 4 என்றால் இங்கே இரவு 8.30. மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். கேரளம் என்றதும் ஆயுர்வேதம், படகு வீடு என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள். கேரளத்தில் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசுகிறோம், கடையில் மலையாளம் பேசுகிறோம் என்பதை அப்போதே விளக்கிவிடுங்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு மணி நேரம் ஓடும் அளவுக்கு அது அவர்களுக்குச் சுவாரசியமான விஷயம்.

பதினெட்டு வயது ஆகாத பள்ளி எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். குடும்பம் உங்களைப் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும், உங்களை அனுப்பிய அமைப்பின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் ஊரிலிருந்து ஸ்கேன் அனுப்பச் சொல்லித் தவிக்காமல், நவம்பரிலேயே வாங்கி வையுங்கள்.

6. விசா தேதியும் எல்லையும்

உங்கள் விசாவில் அச்சடித்திருக்கும் கடைசித் தேதியை இப்போதே பாருங்கள். அது டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ முடிகிறது, செமஸ்டர் பிப்ரவரி வரை என்றால் தங்கும் அனுமதிக்கு உடனே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டினர் அலுவலகங்களில் பல கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் மூடிக் கிடக்கும். விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அட்டை வரத் தாமதமானால் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஓர் இடைக்காலச் சான்று தருவார்கள், கட்டணம் 13 யூரோ. அதில் குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவில் குறி போட்டிருந்தால் வெளிநாடு போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் ஜெர்மனியை விட்டு வெளியே போகாதீர்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பாருங்கள்.

விசா செல்லுபடியாக இருந்தால் குடும்பத்தோடு ஆஸ்திரியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை அனுமதி. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. "அரை மணி நேர கார் பயணம்தானே, பக்கத்து ஊர்ச் சந்தைதானே" என்று குடும்பத்தார் சொன்னாலும் அசல் பாஸ்போர்ட்டையும் விசாவையும் எடுத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுங்கள். நம் வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டுகிற மாதிரி இல்லை அது. அவர்களுக்கு அடையாள அட்டை போதும், உங்களுக்குப் போதாது.

குடும்பத்தின் முகவரியில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஜெர்மனிக்குப் போனதும் உங்கள் விடுதி முகவரியை நகர அலுவலகத்தில் பதிந்திருப்பீர்கள். வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியது அது. அப்படிப் பதிந்தவர் வேறொரு வீட்டில் ஆறு மாதம் வரை தங்குவதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. பாஸ்போர்ட், விசா, மாணவர் சான்று, இன்ஷூரன்ஸ் அட்டை, குடும்பத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு காகிதம், இவை கையில் இருந்தால் போதும். காகிதம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.

7. ரயில்

டிசம்பர் 21 முதல் 23 வரை ரயில்களில் நிற்க இடம் இருக்காது. தேதி முடிவானதும் சலுகை விலை டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். சீக்கிரம் எடுத்தால் முழுக் கட்டணத்தில் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஆனால் மிகக் குறைந்த விலை டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது, அந்த ஒரு ரயிலில்தான் போகவும் முடியும். டிக்கெட் வேறு, இருக்கை வேறு என்பதையும் கவனியுங்கள். சில யூரோ சேர்த்துக் கொடுத்து இருக்கையைத் தனியாகப் பதிய வேண்டும்.

நம் ஆட்களுக்குத் தெரியாத ஒன்று, வருடா வருடம் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவோடு ஐரோப்பா முழுவதும் ரயில் கால அட்டவணை மாறும். நவம்பரில் எடுத்த டிக்கெட்டின் நேரத்தை அதற்குப் பிறகு ஒரு தடவை சரிபாருங்கள். ரயில் 60 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

டாய்ச்லான்ட்-டிக்கெட் என்பது நாடு முழுவதற்கும் செல்லும் மாதப் பயண அட்டை, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அதை வைத்து உள்ளூர், வட்டார ரயில்களில் மட்டும்தான் போக முடியும், வேக ரயிலில் ஏறினால் அபராதம். நிறுத்தச் சொல்லும் வரை மாதாமாதம் பணம் பிடிக்கும் சந்தா அது. இந்த மாதத்தோடு போதும் என்றால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். டிசம்பர் 28-இல் போய் ஜனவரி 2-இல் திரும்புகிறவர்களுக்கு இரண்டு மாதக் கட்டணம் விழும், அதற்குச் சாதாரண டிக்கெட்டே லாபம்.

8. வீட்டுக்குள் நுழைந்ததும்

சொன்ன நேரத்துக்குப் போங்கள். ரயில் தாமதம் என்றால் உடனே செய்தி அனுப்புங்கள். அங்கே அக்கா, சேட்டா, ஆன்ட்டி என்று கூப்பிடும் பழக்கம் இல்லை. அவர்களாகவே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள், பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராதுதான். இரண்டாம் நாள் சரியாகிவிடும்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஜன்னலைத் திறந்தே வைக்கக் கூடாது, அடைத்தே வைக்கவும் கூடாது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுவார்கள், அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். குளியலறையில் தரை நனைந்தால் வடியாது. வடிகால் தொட்டிக்குள் மட்டும்தான் இருக்கும், ஆகவே குளித்துவிட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வாருங்கள். ஆண்பிள்ளைகள் கழிப்பறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். குப்பையை நாலாகப் பிரிப்பார்கள், சந்தேகம் என்றால் கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், பெரும்பாலானவற்றுக்குக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஊருக்கு போன் பேசுவதானால் மெல்லிய குரலில் பேசுங்கள்.

சாப்பிட்ட தட்டை எடுத்து வையுங்கள், "நான் என்ன செய்யட்டும்?" என்று ஒரு முறை கேளுங்கள். வேலை சொன்னால் அது உங்களை வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டதற்கு அடையாளம். மரத்துக்கு அலங்காரம் மாட்டச் சொல்வார்கள், உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்வார்கள், நாயை நடத்திக்கொண்டு போகச் சொல்வார்கள்.

பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்பு இன்ஷூரன்ஸ் ஒன்று அங்கே அநேகமாக எல்லோரிடமும் இருக்கும். மாதம் ஐந்து யூரோ அளவில் கிடைக்கும். பாட்டி காலத்துப் பீங்கானோ பிள்ளையின் லேப்டாப்போ உங்கள் கையில் உடைந்தால் அது காப்பாற்றும். மருத்துவ இன்ஷூரன்ஸில் இது சேர்ந்திருக்காது, தனியாக எடுக்க வேண்டும்.

9. 24-ஆம் தேதி மாலை

கொழிஞ்சாம்பாறை தேவாலயப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் நட்சத்திரம், நள்ளிரவுப் பூசை, பட்டாசு, தெரு முழுக்க ஆட்கள். அங்கே அது வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. தெருவில் ஈ காக்கை இருக்காது. பிற்பகலில் தேவாலய வழிபாடு, போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போனால் பின் வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டாலே போதும்.

இருட்டியதும் கூடத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே மரத்தில் விளக்கு ஏற்றுவார்கள், சில வீடுகளில் இன்னும் உண்மையான மெழுகுவத்திதான், மூலையில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். ஒரு சின்ன மணி அடித்ததும் கதவு திறக்கும். பிள்ளைகள் ஓடிப்போவார்கள். பைன் இலையும் மெழுகும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். அதற்குப் பிறகுதான் பரிசு.

பரிசு விஷயத்தில் கவனம். நம் ஊரில் கொடுத்ததை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஆட்கள் போன பிறகு பிரிப்போம். அங்கே கொடுத்தவர் முன்னாலேயே பிரிக்க வேண்டும், பிரித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களுக்கும் மரத்தடியில் ஒரு பொட்டலம் நிச்சயம் இருக்கும். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று, பிள்ளைகளுக்குத் தனியாகச் சிறிதாக ஒன்று, மொத்தம் 20, 25 யூரோவுக்குள் போதும். விலை அதிகமானால் அவர்களுக்குச் சங்கடம்.

அன்றைய சாப்பாடு பெரும்பாலும் எளிமையாக இருக்கும், உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும். அல்லது ராக்லெட். மேஜை நடுவில் ஒரு சூட்டடுப்பு, ஆளுக்கொரு சின்னக் கரண்டிச் சட்டி. அதில் காயும் சீஸும் வைத்து உருக்கி, வேகவைத்த உருளைக்கிழங்கு மேல் வழித்துக்கொள்ள வேண்டும். சைவப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு இல்லை. சட்டிகளுக்கு வெவ்வேறு நிறம் இருக்கும், உங்களுடையதை முதலிலேயே ஒன்றாக வைத்துக்கொண்டால் இறைச்சி கலக்காது. 25 மதியம் வாத்தும் சிவப்பு முட்டைக்கோஸும் மாவுருண்டையும் என்று பெரிய விருந்து. உறவினர்கள் வருவார்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். முட்டைக்கோஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள்.

10. உங்களைச் சமைக்கச் சொன்னால்

நிச்சயம் சொல்வார்கள். 26 அல்லது 27 சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் நாக்கு செத்துப்போயிருக்கும். ஆனால் கடை அடைத்திருக்கும் என்பதால் தேங்காய்ப்பால் டின், அரிசி, காய் எல்லாம் 23-ஆம் தேதியே வாங்கி வைக்க வேண்டும். உங்கள் ஊரில் ஆசியக் கடை இருந்தால் அங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், சிறு ஊர்களில் இருக்காது.

அவியல், பருப்புக்குழம்பு, எலுமிச்சைச் சோறு, இவற்றில் இரண்டு போதும். மிளகாயைப் பாதியாகக் குறைத்து, ஊறுகாயைத் தனியாக வையுங்கள். தாளிப்பதில் கவனம். கடுகு வெடித்து, மிளகாய் நெடி ஏறினால் கூரையில் உள்ள புகை அலாரம் கத்தும், வீட்டில் எல்லோரும் இருமுவார்கள். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டு, சட்டியை மூடித் தாளியுங்கள். அடுப்பும் பாத்திரமும் பளிச்சென்று கழுவித் துடைத்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

11. ஏதாவது சரியில்லை என்றால்

அவசரத்துக்கு 112. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மருத்துவர் விடுமுறையில் இருக்கிறார் என்றால் 116117. இரண்டும் இலவசம். மருந்துக் கடைகள் முறை வைத்து ஒன்று மட்டும் திறந்திருக்கும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் 2.50 யூரோ கூடுதலாக வாங்குவார்கள். காய்ச்சல் மாத்திரை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இரண்டையும் விடுதியிலிருந்தே எடுத்துப்போங்கள்.

வீட்டில் ஏதாவது உறுத்தலாக இருந்தால், குளிர், சாப்பாடு, யாராவது கிண்டலாகப் பேசியது எதுவானாலும், முதலில் வீட்டாரிடம் நேரே சொல்லுங்கள். சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சொல்லாவிட்டால்தான் கடைசிவரை தெரியாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் சேர்த்துவிட்ட மன்றத்தையோ அலுவலகத்தையோ கூப்பிடுங்கள். விடுமுறையிலும் எடுக்கும் எண் எது என்று கிளம்பும் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். விடுதிக்குத் திரும்பும் அளவு பணம் எப்போதும் கையில் தனியாக இருக்கட்டும்.

12. திரும்பி வந்த பிறகு

படுக்கை விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டு, சாவி கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். விடுதிக்கு வந்து சேர்ந்ததும் ஒரு செய்தி. ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றி அட்டை, தபால்தலை 95 சென்ட். வாட்ஸ்அப் நன்றி வேறு, இது வேறு. அட்டையை அவர்கள் அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

ஊரில் அம்மா அப்பாவும் பதிலுக்கு ஏதாவது அனுப்ப ஆசைப்படுவார்கள். வீட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்பளிப்புப் பார்சலுக்கு 45 யூரோ மதிப்பு வரை சுங்க வரி கிடையாது. தபால் நிலையத்தில் தரும் சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்ற கட்டத்தில் குறி போட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் அதன் விலையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "உணவுப் பொருள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பார்சல் சுங்கத்தில் நிற்கும், ஹோஸ்ட் குடும்பம்தான் போய் விளக்கம் சொல்லி எடுத்து வர வேண்டியிருக்கும். பால் இனிப்பு இதிலும் கூடாது.